வாடையில்லாத குப்பை

பழங்காநத்தம்,
18.9.2024

அன்பு மகள் ரோகிணிக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளை தங்கப்பாண்டியும் உன் வயிற்றில் வளரும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசு மட்டும் நாறிப்போய்க் கிடக்கிறது. எடுத்த எடுப்பிலேயே நாற்றத்தைப் பற்றி எழுதுகிறாரே என்று முகம் சுளிக்காதே தாயி, முப்பத்து நாலு வருஷம் சாக்கடையையும் ஓட்டல் அடுப்படியையும் மோந்து பார்த்துச் சம்பளம் வாங்கிய சுகாதார ஆய்வாளனுக்கு வேறு வார்த்தை சட்டென்று வராது. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் நாக்கு எழவில்லை, அதனால்தான் கடிதம். கூரியரில் போட்டால் ஏழு நாளில் எட்மண்டனுக்கு வந்துவிடும் என்கிறான். இதை முழுக்கப் படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு, கூட வைத்திருக்கும் தாளைப் பத்திரமாக எடுத்து வை, அதுதான் முக்கியம், அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

உன் அக்கா மகன் செழியனுக்கு நிமோனியா, தேறி வருகிறான் என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். அது பாதி உண்மை. ஏழு மாதப் பிள்ளை இருபத்து மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், அதில் பதினோரு நாள் ஐ.சி.யு. நேற்றுத்தான் மூக்கில் இருந்த ஆக்சிஜன் குழாயை எடுத்தார்கள். அவனுக்கு வந்தது வெறும் சளிக் காய்ச்சல் இல்லை, பிறவியிலேயே அவன் ரத்தத்தில் இருக்கிற ஒரு கோளாறு, அது உன் அம்மா வழியில் வந்திருக்கிறது, உனக்குள்ளும் இருக்கலாம். ஆனால் அந்தக் கோளாறு தானாக அவனை ஐ.சி.யு.வில் படுக்க வைக்கவில்லை. நாங்கள் படுக்க வைத்தோம். யார் யார் என்று வரிசையாகச் சொல்கிறேன், என்னையும் சேர்த்து. இப்போது வார்டுக்கு வெளியே ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எதிரே ஒருவர் வெற்றிலை எச்சிலைத் துளசித் தொட்டியில் துப்பிவிட்டு வாயைத் துடைக்கிறார், எழுந்து போய்க் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று பேசாமல் இருக்கிறேன். அப்பா பேசாமல் இருந்தார் என்றால் நீ நம்ப மாட்டாய், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்னைக் கண்டதும் பரோட்டா மாவின் மேல் அவசரமாகத் துணி போடுவார்கள், அது உனக்குத் தெரியும்.

செழியனுக்கு இரண்டாம் மாதத்தில் இடது கக்கத்தில் ஒரு கட்டி வந்தது. பிறந்ததும் போடும் காசத் தடுப்பூசியினால் சில பிள்ளைகளுக்கு அப்படி வரும் என்று பக்கத்து டாக்டர் சொன்னார். அது உடைந்து ஆறு வாரம் வடிந்தது. அஞ்சாம் மாதம் ஆசனவாய் ஓரத்தில் இன்னொரு கட்டி, கீறி எடுத்தார்கள், அதுவும் சீக்கிரம் ஆறவில்லை. இதைப் பார்க்க உன் பெரியம்மா ரெங்கம்மாள் வந்தார். பிள்ளையின் கையைத் தூக்கிக் கக்கத்தைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், இதே எடத்துலதான், இதே எடத்துலதான் என் ரெண்டு பேருக்கும் வந்துச்சு என்று கத்தினார். பெரியம்மாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்து தவறிவிட்டார்கள் என்று நீ அரசல்புரசலாகக் கேட்டிருப்பாய். உன் அம்மாச்சிக்கும் அப்படியே மூன்று ஆண்பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவது ஆணாகப் பிறந்தவர்தான் உன் மாமா குப்பமுத்து. அந்தப் பேர் ஏன் என்று நீ சின்ன வயசில் கேட்டபோது சிரித்து மழுப்பினோம். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வேறொருவர் எடுத்து வந்து, குப்பையில கெடந்துச்சு, வேணுமா என்று வாசலில் நின்று கேட்க வேண்டும். பெற்றவள் ஒரு படி தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். எமன் வந்து பார்த்தால், இது இவள் பெற்றது இல்லை, யாரோ வீசிய குப்பை என்று விட்டுவிட்டுப் போவானாம். அப்படிப் போட்டு எடுத்ததால்தான் உன் மாமா பிழைத்தார் என்பது அம்மா வீட்டாரின் முடிவு. அவரும் ஐம்பத்தாறு வயசில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேலூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார், அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்கிறார்கள்.

செழியனுக்கும் அதைச் செய்ய வேண்டும் என்று பெரியம்மா சொன்னதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சீ, உங்களுக்கெல்லாம் மூளை எங்கே இருக்கிறது என்று கத்தினேன். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு, உங்க இன்ஸ்பெக்டர் வேலைய ரோட்டோட வச்சுக்கங்க, எம் பேரன் போயிட்டா நீங்க திருப்பித் தருவீகளா என்றாள். பெரியம்மா அதற்கு மேல் போனார். உன் பெரியப்பா வாத்தியாராக இருந்தவர், தன் பிள்ளைகளைக் குப்பையில் போடக் கூடாது என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளாதவர். அந்த மனுசன் படிச்ச திமிருல எம் ரெண்டு பிள்ளையையும் மண்ணுக்குக் குடுத்தாரு, நீங்களும் அந்தப் பாவத்தக் கட்டிக்கப் போறீகளா தம்பி என்று என் முகத்துக்கு நேரே கேட்டார். உன் அக்கா தமிழ்வாணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இதையெல்லாம் கேட்டபடி இருந்தாள். கடைசியில் அவள் சொன்னது ஒரே வார்த்தை: நீங்க பாத்துச் சொல்லுங்கப்பா, நீங்க சரின்னா சரி. அவள் புருஷன் அருள்பாண்டி மாப்பிள்ளை வேலை விஷயமாகக் கோயம்புத்தூர் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று இப்போது நினைத்து என்ன பிரயோசனம்.

அம்மா ரோகிணி, இனிமேல் எழுதுவதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதோடு நிற்காமல் பெரிய மனுசத்தனமாக ஒரு நிபந்தனை போட்டேன், செய்வதுதான் செய்கிறீர்கள், எந்தக் குப்பை என்று நான்தான் பார்த்துச் சொல்வேன் என்றேன். எல்லாருக்கும் சந்தோஷம். முதலில் ஊர் முக்கில் இருக்கும் குப்பைமேட்டைக் காட்டினார்கள். பிள்ளைகளுக்குக் கட்டிவிட்டு எறிந்த டயப்பர், கோழிக்குடல், அதை இழுத்துக்கொண்டிருந்த சொறிநாய், உப்பிப்போன ஒரு சாம்பார்ப் பொட்டலம். ஓங்கரித்துக்கொண்டு திரும்பினேன், அதெல்லாம் முடியாது என்றேன். அப்புறம் உன் மாமா தோட்டத்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் எருக்குழிகளுக்குப் போனோம். முதல் குழியில் அன்றன்றைக்குக் கொட்டும் சாணி, ஈ மொய்த்தது, வேண்டாம் என்றேன். அடுத்ததில் புழு நெளிந்தது, அதுவும் வேண்டாம். மூன்றாவது குழி இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூடியது, வைக்கோலும் இலையும் சாணியும் நன்றாக மக்கி, காப்பித்தூள் மாதிரி பொலபொலவென்று இருந்தது. ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தேன். ஒரு வாடை இல்லை. ஈ இல்லை, புழு இல்லை. இதில் போடுங்கள், இதைவிடச் சுத்தமான குப்பை மதுரை ஜில்லாவில் கிடைக்காது என்றேன். கண்ணாடித் துண்டோ தேளோ இருந்துவிடக் கூடாது என்று நானே மண்வாரியை வாங்கி மேல்மண்ணை மூன்று தடவை புரட்டிவிட்டேன். வெயில் நேரம், புரட்டப் புரட்டப் புகை மாதிரி தூசி எழும்பியது. அதில் பழைய துணியை விரித்துச் செழியனைப் படுக்க வைத்தார்கள். அவன் நாலைந்து தடவை தும்மினான், தும்மல் நல்ல சகுனம் என்று ஒருத்தி சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மச்சான் இருக்கப் போயி சுத்தமான குப்பையாக் கெடச்சுச்சு என்று உன் மாமா என் தோளைத் தட்டினார். அக்காவுக்குப் பதிலாக உன் அம்மாவே தவிட்டைக் கொடுத்துப் பேரனை வாங்கினாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது ரோகிணி. அதை எழுதும்போதுதான் என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது, நாலாம் நாள் விலா ஒட்டி ஒட்டி மூச்சு வாங்கினான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தால் இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. குழந்தை டாக்டரம்மா, சின்ன வயசுக்காரிதான், பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊருக்கு எங்கேயாவது கூட்டிப்போனீர்களா, வைக்கோல், புறா எச்சம், பழைய கட்டடத்துத் தூசி ஏதாவது பட்டதா என்றார். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன், பெரியம்மா மட்டும் தெளிவாக, எங்கேயும் போகல என்றார். செய்ததை வெளியே சொன்னால் பலிக்காதாம். அவருக்கு அது காரணம். எனக்கு என்ன காரணம் சொல்லு. ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் பேரனைக் குப்பையில் போட்டார் என்று ஒரு டாக்டர் தெரிந்துகொள்வது எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வெட்கத்துக்காக மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் அவர்கள் தப்பான கிருமியை நினைத்து மருந்து ஏற்றினார்கள், பிள்ளை நீலம் பாரித்தான். உன் அக்கா பேசும் நிலையில் இல்லை, அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. நாலாம் நாள் நர்ஸ் ஒருத்தி பிள்ளையின் அரைஞாண் கயிற்றை அறுத்தாள். முடிச்சுக்குள் கறுப்பாக ஏதோ பொடியும் ஒரு துண்டு வைக்கோலும் இருந்தன. குப்பையில் போட்ட அன்றிலிருந்து ஒரு வாரம் குளிப்பாட்டக் கூடாது என்று விட்டிருந்தார்கள். அவள் அதை ஒரு பஞ்சில் எடுத்து, தாத்தா இது என்ன என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாதம்மா என்றேன். வாய் கூசாமல் சொல்லிவிட்டு வெளியே வந்து வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன். அப்புறம்தான் டாக்டரம்மா அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. நீங்கள் தேர்ந்தெடுத்த குப்பை எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக மக்கியது, காய்ந்தது, வாடையே இல்லை என்றேன், அப்போதும் என் குரலில் ஒரு சமாதானம் இருந்திருக்கும் போல. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சார், மக்கிக் காய்ந்ததில்தான் பூஞ்சை பொடியாக நிறைந்திருக்கும், புரட்டினால் காற்றில் கிளம்பும், நமக்கெல்லாம் ஒன்றும் செய்யாது, இந்தப் பிள்ளைக்கு அது விஷம் என்றார். அன்றைக்கே மருந்தை மாற்றினார், ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். ரத்தத்தில் வெள்ளையணு என்று ஒன்று இருக்கிறது, கிருமி உள்ளே வந்தால் அது பிடித்து விழுங்கி உள்ளேயே கொன்றுவிட வேண்டும். செழியனின் வெள்ளையணு ஓடிப்போய்ப் பிடிக்கிறது, விழுங்குகிறது, கொல்ல மட்டும் அதற்குத் தெரியவில்லை, கொல்லுவதற்கான சரக்கு அதற்குள் ஊறுவதில்லை. குப்பையை ஏற்றிக்கொண்டு எங்கே கொட்டுவதென்று தெரியாமல் தெருத்தெருவாகச் சுற்றும் லாரி மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். அதனால்தான் தடுப்பூசிக் கிருமிகூட அவன் கக்கத்தில் கட்டியாகத் தங்கிவிட்டது. நாற்றம் வந்தால் ஆபத்து, நாற்றம் இல்லையென்றால் சுத்தம், இதுதான் என் முப்பத்து நாலு வருஷ ஞானம். இந்த மூக்கை நம்பித்தான் உன் அக்கா, நீங்க சரின்னா சரி என்றாள். ஊர் முக்கில் நாறிக்கொண்டு கிடந்த ஈரக் குப்பையில் ஓரமாக வைத்து எடுத்திருந்தால்கூட இவ்வளவு உள்ளே போயிருக்காதோ என்று கேட்டேன். அதெல்லாம் சொல்ல முடியாது சார் என்று சொல்லி அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

உன் அக்கா என்னோடு சண்டை போடவில்லை. நான் பிள்ளை பக்கம் போனால், அப்பா, கையக் கழுவிட்டு வாங்க என்கிறாள். கழுவிவிட்டு வருகிறேன். மறுபடியும், கழுவிட்டு வாங்கப்பா என்கிறாள். முந்தாநாள் நாலு தடவை கழுவினேன், அதற்குப் பிறகும் அவள் பிள்ளையைக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றவர்களைப் பற்றிச் சொன்னால் உனக்கும் ஓங்கரிக்கும். அக்காவின் மாமியார் வந்தார், பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால், எங்க வம்சத்துல இப்படி ஒரு கேடு கெடையாது, பொண்ணு எடுத்த எடம் அப்படி என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அருள்பாண்டி மாப்பிள்ளை எழுந்து, ஆத்தா, வாய மூடிட்டு வீட்டுக்குப் போ என்று சொன்னார், அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் கும்பிட்டேன். வந்தவர்கள் எல்லாம் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு பழியையும் பையில் கொண்டு வருகிறார்கள், கிரகணம் என்கிறார்கள், நட்சத்திரம் என்கிறார்கள், அக்கா கர்ப்பமாக இருந்தபோது மயானம் வழியாக ஆட்டோவில் போனாள் என்கிறார்கள். இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். போன வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை, அன்றைக்குத்தான் உனக்கு எழுதுவது என்று முடிவு பண்ணினேன். உனக்கு ஸ்கேனில் ஆண் என்று சொல்லிவிட்டார்கள் என்ற செய்தி இவர்களுக்குத் தெரியும் அல்லவா. வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு பெரியம்மாவும் மாமாவும் பேசுகிறார்கள், செழியனுக்கு ஏழு மாசம் கழிச்சுப் போட்டதுதான் தப்பு, குப்பையும் பழசு, ரோகிணி பிள்ளையப் பொறந்த அன்னைக்கே புதுக் குப்பையில போட்டுறணும் என்று. மாமா தலையை ஆட்டுகிறார். உன் அம்மா கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறான், இந்தப் பக்கம் அடுத்த பிள்ளைக்குக் குப்பை பார்க்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தூக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டேன், ரசம் எல்லார் மேலும் தெறித்தது.

இப்போது அந்தத் தாள். இது தாய் வழியாக வரும் கோளாறு, குடும்பத்தில் யார் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள் என்று படமாக வரைந்து கொடுங்கள் என்று டாக்டரம்மா கேட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, கோளாறைச் சுமந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. சுமக்கிற பெண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாதாம், அவள் பெறும் ஆண்பிள்ளைகளில் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்படி வாய்ப்பில் தப்பியவர்தான் உன் மாமா, குப்பைக்கும் அவர் பிழைத்ததற்கும் சம்பந்தம் இல்லை. இதைச் சொன்னபோது அந்த மனுசர் முகம் செத்துவிட்டது, அப்ப எம்பேரு எதுக்கு மச்சான் என்று கேட்டார், பாவம். பெரியம்மா பிள்ளைகளின் விவரம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. திங்கள்கிழமை காலையில் ஆரப்பாளையத்தில் அவர் வீட்டுக்கு நானே தாளை எடுத்துக்கொண்டு போனேன், ரசம் தெறித்ததற்கு மன்னிப்புக் கேட்கவும்தான். தங்காத பிள்ளையளப் பேரு சொல்லக் கூடாது தம்பி என்றார் முதலில். தாளைக் காட்டி, இதில் இரண்டு சதுரம் காலியாக இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். மூத்தவன் காளை, பதினோரு மாசம், கக்கத்துக் கட்டி, அப்புறம் கழுத்துல. இளையவன் முத்திருளன், ரெண்டரை வயசு, நடப்பான், ஓடுவான், என்னை ஏய் ரெங்கு என்பான், அவனுக்கும் கக்கத்துல வந்துச்சு, அப்புறம் நெஞ்சுல சளி கட்டிப் போனான். நாற்பது வருஷமாக வாயில் வராத பேர்கள், தேதியோடு சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். அப்ப குப்பையில போட்டிருந்தாலும் அவனுக தங்கியிருக்க மாட்டானுகளா? இல்லை மதினி, இன்னும் சீக்கிரமாகப் போயிருப்பார்கள் என்றேன், மறைக்க எனக்கு இனிமேல் திராணி இல்லை. அந்த இரண்டு சதுரத்தையும் விரலால் தடவினார். வாத்தியாரு சாகக் கெடந்தப்ப தண்ணி கேட்டாரு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் குடுத்தேன் என்றார். நான் படி இறங்கும்போது மேலிருந்து கூப்பிட்டு, ரோகிணிய வர வேணாம்னு எழுதுங்க தம்பி, நாங்க எம்புட்டுக் கெஞ்சிக் கூப்பிட்டாலும் வர வேணாம்னு எழுதுங்க என்றார். இருபத்து மூன்று நாளில் எனக்குக் குமட்டல் இல்லாமல் இருந்தது அந்த வீட்டு மாடிப்படியில்தான்.

ஆகவே சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். முதல் காரியம், இந்தத் தாளை உன் டாக்டரிடம் காட்டு. வெள்ளையணு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, டி.எச்.ஆர். என்று பேர், கோளாறின் பேரோடு சேர்த்துத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன். உன் அம்மாவுக்கு எடுத்தார்கள், பாதி அணு வேலை செய்கிறது, பாதி செய்யவில்லை. அக்காவுக்கும் அப்படியே. உனக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உனக்கு மாதத்துக்கு இரண்டு தடவை வாய்ப்புண் வருமே, உடம்பு சூடு என்று அம்மா மணத்தக்காளிக் கீரையாக ஆக்கிப் போடுவாளே, அதையும் டாக்டரிடம் சொல், சுமக்கிற பெண்களுக்கு அப்படி வருவதுண்டாம், அம்மாவுக்கும் உண்டு, யாருக்குத் தோன்றியது. உனக்கு இருந்தாலும் பயப்படாதே. பிள்ளை பிறந்த அன்றைக்கே தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்துவிடலாம், முதல் நாளிலிருந்தே காப்பாற்றலாம், தினமும் கொடுக்க மருந்து இருக்கிறது, எலும்பு மஜ்ஜை மாற்றினால் முழுசாகவே சரியாகலாம் என்கிறார் டாக்டரம்மா, செழியனுக்கும் அதைத்தான் யோசிக்கிறார்கள். பரிசோதனை முடியும்வரை பிறந்த பிள்ளைக்குக் காசத் தடுப்பூசி போட விடாதே, மற்ற ஊசிகளை டாக்டர் சொல்கிறபடி செய். அடுத்தது, பால்கனியில் காய்கறிக் கழிவை மக்க வைக்கும் டப்பா ஒன்றை எனக்கு வீடியோவில் காட்டினாய், அப்பா பிள்ளைடா நீ என்று நானும் மெச்சினேன். அதை மாப்பிள்ளையை விட்டு அப்புறப்படுத்து, நீ தொடாதே. அங்கே இப்போது இலை உதிரும் காலம், குவித்த இலைக்குள் படுத்துக்கொண்டு மாப்பிள்ளை ஒரு போட்டோ அனுப்பியிருந்தார், அழகாகத்தான் இருந்தது, பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று சொல். நான் மெச்சிய எதையும் இனி மறுபடி யோசித்துப் பார்.

கடைசியாகச் சொல்வதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நவம்பருக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு. வளைகாப்புக்கும் பிரசவத்துக்கும் தாய்வீட்டுக்கு வர வேண்டாம். உன் அம்மா உனக்காக எடுத்துவைத்த பச்சைப் பட்டுப்புடவை பீரோவில் இருக்கிறது, வளையல்காரம்மாவிடம் சொல்லியாகிவிட்டது, பழைய தொட்டிலுக்குக்கூட நான் புதுக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். பரவாயில்லை, எல்லாம் இருக்கட்டும். அம்மா போனில் அழுவாள், சாப்பிட மாட்டேன் என்பாள், நான் ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன் என்று சொல்லுவாள். நம்பாதே. நானே பத்து நாள் கழித்து மனசு கேட்காமல் போன் செய்து, சும்மா வந்துட்டுப் போயேன் தாயி, நான் பார்த்துக்கிறேன் என்று சொன்னாலும் நம்பாதே. நான் பார்த்துக்கொண்டதன் லட்சணம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறது. அம்மாவுக்கு விசா போட்டு அனுப்பலாம் என்று நீ நினைத்தால் பரிசோதனை முடிவு வந்த பிறகு யோசிப்போம்.

மீனாட்சி அம்மன் உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ரத்தம் கொடுத்த அன்றைக்கு எனக்கு ஒரு வரி போடு, முடிவு எதுவானாலும் முதலில் எனக்குச் சொல், அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். படத்தில் அம்மாச்சி, பெரியம்மா, அம்மா, அக்கா நாலு பேர் வட்டத்திலும் நடுவில் புள்ளி வைத்திருக்கிறேன், நெற்றியில் பொட்டு வைத்த மாதிரிதான் இருக்கிறது. ஐந்து சதுரத்தில் கோடு போட்டிருக்கிறேன், செழியன் சதுரத்தில் போடவில்லை, போட விடவும் மாட்டேன். உன் வட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன் ரோகிணி. பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், அதற்குள் எதையும் வைக்க என் கைக்கு இனி உரிமை இல்லை, அங்கே இருக்கும் டாக்டர் வைக்கட்டும், அல்லது வைக்காமல் விடட்டும்.

கையைக் கழுவிவிட்டுத்தான் எழுதினேன்,
உன் அப்பா,
சோணைமுத்து